மலிவாகக் கிடைக்கும் டெல்லி கார்: வாங்கும் முன் என்ஜினில் பார்க்க வேண்டியவை என்னென்ன?

புதுடெல்லி: ஒன்பது ஆண்டுகள் ஓடிய டீசல் கார் ஒன்று சென்னையில் விற்கப்படும் விலைக்கும், அதே கார் தலைநகர் டெல்லியில் விற்கப்படும் விலைக்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு. டெல்லியில் விலை குறைவாக இருப்பதற்கு முதன்மைக் காரணம் சட்டம், என்ஜின் அல்ல. ஆனால் சட்டத்தால் குறைந்த விலையின் நிழலில் என்ஜினின் குறைகளும் எளிதில் மறைந்துகொள்கின்றன. குறைந்த விலைக்கு எது காரணம் என்பதைப் பிரித்தறியத் தெரியாதவர், மிச்சப்படுத்திய தொகையைப் போல் இரு மடங்கைப் பணிமனையில் செலவிட நேரிடுகிறது.

சரோஜினி நகர் போன்ற பகுதிகளில் இக்கேள்வி அடிக்கடி எழுகிறது. மத்திய அரசு ஊழியர் குடியிருப்புகளுக்கும், நாடறிந்த துணிச் சந்தைக்கும், தமிழ்க் குடும்பங்கள் கூடும் விநாயகர் கோயிலுக்கும் பெயர் பெற்ற பகுதி இது. பணியிட மாற்றமோ ஓய்வோ வரும்போது காரை விற்றுவிட்டுச் செல்வோர் ஒருபுறம். புதிதாகத் தலைநகருக்கு வந்து குறைந்த விலையில் கார் தேடுவோர் மறுபுறம். டெல்லியில் வாங்கித் தமிழ்நாட்டுக்குக் கொண்டு சென்றால் லாபம் என்று கணக்கிடுவோரும் உள்ளனர். இம்மூன்று தரப்பினரும் அறிந்திருக்க வேண்டியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

டெல்லியில் விலை ஏன் குறைகிறது?

15 ஆண்டுகளைக் கடந்த வாகனங்கள் டெல்லியில் ஓடக் கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2014 நவம்பரில் உத்தரவிட்டது. 10 ஆண்டுகளைக் கடந்த டீசல் வாகனங்களுக்கு 2015 ஏப்ரலில் தடை விதித்தது. இந்த வரம்புகளைச் செயல்படுத்துமாறு உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 29 அன்று ஆணையிட்டது.

இதன் தொடர்ச்சியாக, ஆயுட்காலம் முடிந்த வாகனங்களுக்கு 2025 ஜூலை 1 முதல் டெல்லியின் எரிபொருள் நிலையங்களில் பெட்ரோல், டீசல் வழங்கக் கூடாது என்று காற்றுத் தர மேலாண்மை ஆணையம் அறிவித்தது. எண் பலகையைப் படிக்கும் கேமராக்களும் பொருத்தப்பட்டன. கடும் எதிர்ப்பு எழுந்ததால் சில நாள்களிலேயே அந்நடவடிக்கை தள்ளிவைக்கப்பட்டது. அதன்பின் 2025 ஆகஸ்ட் 12 அன்று, வயதை மட்டும் காரணம் காட்டி உரிமையாளர்கள் மீது கடும் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. டிசம்பர் 17 அன்று அந்தப் பாதுகாப்பை பிஎஸ்-4 மற்றும் அதற்குப் பிந்தைய தரத்தில் தயாரான வாகனங்களுக்கு மட்டும் என்று சுருக்கியது.

இங்கே வாங்குபவர் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. பிஎஸ்-4 டீசல் காருக்கு வயதின் அடிப்படையில் இப்போது பாதுகாப்பு இருப்பினும், குளிர்காலத்தில் காற்று மாசு கடுமையடைந்து மூன்றாம் கட்டக் கட்டுப்பாடுகள் நடைமுறைக்கு வரும்போது, பிஎஸ்-3 பெட்ரோல் கார்களும் பிஎஸ்-4 டீசல் கார்களும் டெல்லியிலும் குருகிராம், ஃபரிதாபாத், காசியாபாத், கௌதம புத்த நகர் ஆகிய அண்டை மாவட்டங்களிலும் ஓடத் தடை விதிக்கப்படுகிறது. அதாவது, வாங்கிய கார் ஆண்டில் சில வாரங்கள் வீட்டு வாசலிலேயே நிற்க நேரிடலாம். நீதிமன்ற உத்தரவுகள் மாறக்கூடியவை என்பதால், வாங்கும் நாளில் நடப்பில் உள்ள நிலையைச் சரிபார்ப்பது அவசியம்.

ஆகவே டெல்லிக் கார் ஒவ்வொன்றுக்கும் இரண்டு வயதுகள் உள்ளன. ஒன்று பதிவுச் சான்றிதழில் அச்சிடப்பட்ட சட்ட வயது. மற்றொன்று என்ஜினின் உண்மையான வயது. முதலாவதை எவரும் படித்துவிடலாம். இரண்டாவதைப் படிக்கச் சற்றுப் பொறுமையும் சிறிது செலவும் தேவை.

கிலோமீட்டர் சொல்லாத கணக்கு

பழைய கார் வாங்குவோர் முதலில் பார்ப்பது ஓடிய தூரத்தைக் காட்டும் மீட்டரை. ஆனால் என்ஜின் தேய்வது கிலோமீட்டரால் மட்டுமல்ல. அது இயங்கிய மணி நேரத்தாலும்தான்.

ஓர் எளிய கணக்கு இதை விளக்கும். நெடுஞ்சாலையில் மணிக்குச் சராசரியாக 50 கிலோமீட்டர் வேகத்தில் 60,000 கிலோமீட்டர் ஓடிய காரின் என்ஜின் 1,200 மணி நேரம் இயங்கியிருக்கும். நகர நெரிசலில் சராசரியாக 15 கிலோமீட்டர் வேகத்தில் அதே தூரத்தைக் கடந்த காரின் என்ஜின் 4,000 மணி நேரம் இயங்கியிருக்கும். மீட்டரில் இரண்டும் ஒன்றே. தேய்மானத்தில் மூன்று மடங்குக்கு மேல் வேறுபாடு. வீட்டிலிருந்து அலுவலகத்துக்கு நான்கைந்து கிலோமீட்டர் மட்டுமே சென்று திரும்பிய காரில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. என்ஜின் முழுமையாகச் சூடேறும் முன்பே அணைக்கப்படுவதால், எரிதலின்போது உண்டாகும் ஈரமும் எரியாத எரிபொருளும் ஆயிலில் கலந்து தங்குகின்றன. அத்தகைய காருக்குக் கிலோமீட்டர் கணக்கில் அல்லாமல் மாதக் கணக்கில் ஆயில் மாற்றியிருக்க வேண்டும். எனவே "குறைவாகத்தான் ஓடியது" என்ற சொல்லை நற்சான்றாகக் கொள்ளலாகாது. சர்வீஸ் பதிவேட்டில் ஆயில் மாற்றிய தேதிகளைப் பார்த்த பிறகே அதற்கு மதிப்பளிக்க வேண்டும்.

மீட்டரைத் திருத்துவது கடினமான செயலும் அல்ல. ஓட்டுநர் இருக்கையின் தேய்வு, ஸ்டீயரிங் உறையின் வழவழப்பு, பிரேக் மிதியின் ரப்பர் ஆகியவை மீட்டர் காட்டும் தூரத்துடன் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது முதற்படி. சர்வீஸ் ரசீதுகளிலும் காப்பீட்டு ஆவணங்களிலும் அந்தந்தத் தேதியில் பதிவான கிலோமீட்டரை வரிசையாக எழுதிப் பார்த்தால் முரண்பாடு இருப்பின் வெளிப்பட்டுவிடும்.

குளிர்ந்த என்ஜின் பொய் சொல்லாது

காரைப் பார்க்கச் செல்லும் முன் உரிமையாளரிடம் வைக்க வேண்டிய முதல் வேண்டுகோள், என்ஜினை முன்கூட்டியே இயக்கி வைக்க வேண்டாம் என்பதே. சூடான என்ஜின் பல குறைகளை மறைத்துவிடும். சென்றதும் பானட்டின் மீது கை வைத்துப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால், மறுநாள் காலை வருவதாகச் சொல்லித் திரும்புவதே நல்லது.

இயக்குவதற்கு முன் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது டிப்ஸ்டிக். ஆயில் அளவு குறைந்திருந்தால், என்ஜின் ஆயிலைக் குடிக்கிறது அல்லது கசியவிடுகிறது என்று பொருள் கொள்ளலாம். மேல் வரம்பைத் தாண்டியிருந்தாலும் நற்குறி அன்று. டீசல் காராக இருப்பின் ஆயிலில் டீசல் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. இரண்டாவது, ஆயில் ஊற்றும் மூடியின் உட்புறம். அங்கே கெட்டியான கருஞ்சேறு படிந்திருந்தால் ஆயில் நெடுங்காலம் மாற்றப்படவில்லை. மோர் போன்ற வெண்ணிறப் படலம் இருந்தால், வெறும் ஈரமாகவும் இருக்கலாம். கூலண்ட் ஆயிலில் கலந்திருக்கவும் கூடும். மூன்றாவது, கூலண்ட் தொட்டி. அதில் எண்ணெய் மிதந்தாலோ, துருநிற நீர் இருந்தாலோ, கூலண்டுக்குப் பதில் வெறும் தண்ணீர் இருந்தாலோ எச்சரிக்கை அவசியம். கோடையில் 45 டிகிரி செல்சியஸைத் தொடும் டெல்லி வெயிலில் வெறும் தண்ணீரில் ஓடிய என்ஜின், ஒருமுறையேனும் அளவுக்கு மீறிச் சூடேறியிருக்க வாய்ப்பு அதிகம். அவ்வாறு சூடேறிய என்ஜினில் சிலிண்டர் ஹெட் வளைந்து, ஹெட் கேஸ்கெட் பழுதாகும். ரேடியேட்டர் மூடியைச் சூடான நிலையில் திறக்கவே கூடாது. கொதிநீர் பீறிட்டு முகத்தைப் பொசுக்கிவிடும்.

இயக்கியவுடன் வரும் முதல் இரண்டு மூன்று விநாடி ஓசை முக்கியமானது. டைமிங் செயின் தளர்ந்திருந்தால், குளிர்ந்த நிலையில் சங்கிலி உரசும் கரகரப்பு கேட்டு, ஆயில் அழுத்தம் ஏறியதும் மறையும். அடியிலிருந்து வரும் கனமான தட்டொலி, வேகம் கூட்டும்போது வலுத்தால், கிராங்க் தண்டின் பேரிங் தேய்ந்திருக்கலாம். இது என்ஜினையே பிரித்துப் பார்க்க வேண்டிய பழுது.

அடுத்து புகை. நீல நிறப் புகை ஆயில் எரிவதைக் காட்டுகிறது. இயக்கியவுடன் மட்டும் சிறிது நேரம் வந்து நின்றால் வால்வு சீல் தேய்வு; தொடர்ந்து வந்தால் பிஸ்டன் ரிங் அல்லது டர்போ பழுதாக இருக்கலாம். அடர்ந்த வெண்புகை இனிப்பு வாடையுடன் தொடர்ந்தால் கூலண்ட் எரிகிறது. ஆனால் டெல்லியின் ஜனவரிக் காலையில் எல்லாக் கார்களும் சிறிது நேரம் வெண்ணிற நீராவியை விடும். என்ஜின் சூடேறியதும் அது மறைந்தால் அஞ்ச வேண்டியதில்லை. டீசல் காரில் கரும்புகை, இன்ஜெக்டர், காற்று வடிகட்டி, டர்போ ஆகியவற்றில் ஒன்றைச் சுட்டுகிறது.

என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது ஆயில் மூடியை மெதுவாகத் தளர்த்திப் பார்ப்பது மெக்கானிக்குகளின் பழைய வழக்கம். லேசான காற்று இயல்பானது. மூடியைத் தூக்கி எறியும் வேகத்தில் புகை வந்தால், எரிவாயு பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்குகிறது என்று பொருள்.

டீசல் காரில் தனிக் கவனம்

2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த பிஎஸ்-6 விதிகளால், டீசல் கார்களின் புகைக்குழாயில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி இடம்பெற்றது. டிபிஎஃப் என்று அழைக்கப்படும் இக்கருவி, சேர்த்து வைத்த கரியை சுமார் 600 டிகிரி வெப்பத்தில் எரித்துத் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ள வேண்டும். அதற்குத் தொடர்ச்சியான வேக ஓட்டம் தேவை. சிக்னலுக்குச் சிக்னல் நின்று செல்லும் நகர ஓட்டத்தில் இச்செயல் பாதியில் நின்றுவிடுகிறது. பலமுறை நின்றுபோனால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். சுத்திகரிப்புக்காகக் கூடுதலாகச் செலுத்தப்படும் டீசல் ஆயிலில் இறங்கி அதன் வழவழப்பைக் குறைக்கும். நகரத்துக்குள் மட்டுமே ஓடிய பிஎஸ்-6 டீசல் கார் வெளித்தோற்றத்தில் புதிதாக இருந்தாலும், அதன் வடிகட்டியையும் ஆயிலையும் சோதிக்காமல் முன்பணம் கொடுக்கலாகாது. வடிகட்டியைக் கழற்றிவிட்டு ஓட்டப்படும் கார்களைத் தவிர்ப்பதே நல்லது. அவ்வாறு மாற்றுவது புகை விதிகளுக்கு முரணானது.

பழைய டீசல் கார்களில் பலராலும் விரும்பப்படுவது ஃபியட் நிறுவனத்தின் 1.3 லிட்டர் மல்டிஜெட் என்ஜின். மாருதி சுசுகியின் ஸ்விஃப்ட், டிசையர் முதல் டாடா, ஃபியட் கார்கள் வரை பல நிறுவனங்கள் இதைப் பயன்படுத்தியதால், "தேசிய என்ஜின்" என்ற செல்லப் பெயரும் இதற்கு உண்டு. உதிரிபாகமும் அறிந்த மெக்கானிக்கும் எளிதில் கிடைப்பது இதன் பலம். டைமிங் செயினின் ஓசை, டர்போவின் சீழ்க்கை, இன்ஜெக்டர்களின் நிலை ஆகியவை சோதிக்க வேண்டியவை. 2020 ஏப்ரலுடன் மாருதி டீசல் கார் தயாரிப்பை நிறுத்திவிட்டதால், சந்தையில் உள்ளவை அனைத்தும் சில ஆண்டுகள் ஓடியவையே என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

அகற்றப்பட்ட சிஎன்ஜி கிட்

தலைநகரில் சிஎன்ஜி பரவலாகக் கிடைப்பதால், பெட்ரோல் கார்களில் வெளியே சிஎன்ஜி கிட் பொருத்தி ஓட்டுவது வழக்கம். விற்கும் முன் அதைக் கழற்றிவிட்டு "சுத்தமான பெட்ரோல் கார்" என்று காட்டுவதும் நடக்கிறது. சிஎன்ஜியில் எரிதல் உலர்ந்தது, வெப்பம் மிக்கது. அதற்கெனத் தயாரிக்கப்படாத என்ஜினில் வால்வு இருக்கைகள் விரைவில் தேயும். தேய்ந்தால் அழுத்தம் குறைந்து, காலையில் என்ஜின் நடுங்கி ஓடும்.

டிக்கியின் தரைத்தகட்டில் துளைகள், என்ஜின் அறையில் அறுத்து ஒட்டப்பட்ட வயர்கள், எரிபொருள் மூடியின் அருகே காரணமில்லாத ஓட்டை ஆகியவை கிட் இருந்ததற்கான தடயங்கள். பதிவுச் சான்றிதழில் எரிபொருள் என்னவென்று குறிக்கப்பட்டுள்ளது என்பதையும் ஒப்பிட வேண்டும். கிட் இன்னமும் இருக்குமாயின், சிலிண்டருக்கு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்ய வேண்டிய அழுத்தச் சோதனைச் சான்றிதழைக் கேட்டுப் பெற வேண்டும்.

வெள்ளத்தில் நின்ற கார்

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் எண்ணற்ற கார்கள் நீரில் மூழ்கின. 2023 ஜூலையில் டெல்லியில் யமுனை நதி 208.66 மீட்டரை எட்டி, 1978ஆம் ஆண்டின் 207.49 மீட்டர் என்ற சாதனையை முறியடித்தது. இப்படி மூழ்கிய கார்கள் சீரமைக்கப்பட்டு வேறு ஊர்ச் சந்தைக்கு வருவது உண்டு.

நீர் புகுந்த என்ஜினை இயக்கினால், சிலிண்டருக்குள் உள்ள நீரை அமுக்க முடியாமல் கனெக்டிங் ராடு வளைகிறது. லேசாக வளைந்த ராடுடன் சில மாதங்கள் ஓடி, பின்னர் என்ஜினையே உடைத்துக்கொண்டு வெளியேறும் நிகழ்வுகளும் உண்டு. இருக்கை பெல்ட்டை முழுவதுமாக இழுத்து அதன் அடிப்பகுதியில் சேற்றுக் கறை உள்ளதா, இருக்கைக்கு அடியிலுள்ள போல்ட்டுகள் துருவேறியுள்ளனவா, ஸ்டெப்னி வைக்கும் குழியில் மண் படிந்துள்ளதா, முன்விளக்கின் உள்ளே நீர்க்கோடு தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். புத்தம் புதிய தரைவிரிப்பும் கடும் நறுமணமும் சேர்ந்து இருந்தால், சந்தேகம் கொள்வதில் தவறில்லை.

திரும்பப் பெறப்பட்ட மாடல்களா?

பராமரிப்பில் குறை இல்லாமலேயே, தயாரிப்புக் குறையால் என்ஜின் நிற்கும் நேர்வுகளும் உள்ளன. 2019 ஜூலை 30 முதல் நவம்பர் 1 வரை தயாரான 16,041 பலேனோ, வேகன் ஆர் கார்களை மாருதி சுசுகி 2024 மார்ச்சில் திரும்ப அழைத்தது. எரிபொருள் பம்ப் மோட்டாரின் உதிரிபாகக் குறையால் என்ஜின் ஓட்டத்தின் நடுவே நின்றுவிட வாய்ப்பு இருப்பதாகக் காரணம் கூறப்பட்டது. 2024 அக்டோபரில் ஹோண்டா கார்ஸ் இந்தியா, எரிபொருள் பம்ப் குறைக்காக 90,468 பழைய கார்களைத் திரும்ப அழைத்தது. 2023 ஆகஸ்டில் மஹிந்திரா, என்ஜின் அறையிலுள்ள வயர் தொகுதி உரசித் தேயும் ஆபத்துக்காக 1,08,306 எக்ஸ்யூவி700 கார்களைச் சோதனைக்கு அழைத்தது. இப்பணிகள் உரிமையாளருக்கு இலவசமாகவே செய்து தரப்படுகின்றன.

சிக்கல் என்னவெனில், கைமாறிய காரின் புதிய உரிமையாளரை நிறுவனத்தின் கடிதம் சென்றடைவதில்லை. ஆகவே வாங்கும் முன் சேசிஸ் எண்ணைக் குறித்துக்கொண்டு, நிறுவனத்தின் இணையதளத்திலோ அங்கீகரிக்கப்பட்ட பணிமனையிலோ, நிலுவையில் உள்ள திரும்ப அழைப்பு எதுவும் உள்ளதா என்று கேட்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் முடியும் இப்பணி, நெடுஞ்சாலை நடுவே நிற்பதைத் தவிர்க்கும்.

உலக அனுபவமும் இதையே உணர்த்துகிறது. அமெரிக்காவில் ஹூண்டாய் நிறுவனத்தின் தீட்டா-2 என்ஜின்களில், தயாரிப்பின்போது தங்கிய உலோகத் துகள்கள் ஆயில் பாதையை அடைத்து, கனெக்டிங் ராடு பேரிங்குகளைத் தேய்த்தன. 2015இல் தொடங்கிய திரும்ப அழைப்பு பின்னர் விரிவடைந்தது. உரிய காலத்தில் நடவடிக்கை எடுக்கவில்லை என்ற புகாரில் ஹூண்டாய், கியா நிறுவனங்கள் 2020இல் மொத்தம் 21 கோடி டாலர் அபராத உடன்பாட்டுக்கு ஒப்புக்கொண்டன. ஃபோர்டின் 1.0 லிட்டர் ஈகோபூஸ்ட் என்ஜினில் ஆயில் பம்பை இயக்கும் பெல்ட்டின் குறைக்காக, 2023 டிசம்பரில் அமெரிக்காவில் சுமார் 1.39 லட்சம் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. அங்கு விற்கப்பட்ட ஈகோஸ்போர்ட் கார்கள் சென்னை அருகேயுள்ள மறைமலை நகர் ஆலையிலிருந்து ஏற்றுமதியானவை என்பது குறிப்பிடத்தக்கது. இதே வகை என்ஜின் கொண்ட ஈகோஸ்போர்ட் இந்தியாவிலும் விற்பனையானது. ஆயிலிலேயே நனைந்து ஓடும் பெல்ட் கொண்ட இத்தகைய என்ஜின்களில், தவறான ஆயிலும் தாமதமான ஆயில் மாற்றமும் பெல்ட்டைச் சிதைத்துவிடும். சிதைந்த துகள்கள் ஆயில் வலையை அடைக்கும். நிறுவனம் பரிந்துரைத்த ஆயில்தான் ஊற்றப்பட்டது என்பதற்கு ரசீது இல்லையெனில் இத்தகைய காரைத் தவிர்ப்பது நலம்.

இந்தியாவில் தயாரிப்பை நிறுத்துவதாக ஃபோர்டு 2021 செப்டம்பரில் அறிவித்தது. இவ்வாறு வெளியேறிய நிறுவனங்களின் கார்கள் மலிவாகக் கிடைக்கும். என்ஜின் நல்லதாக இருப்பினும், வாங்குபவரின் ஊரில் உதிரிபாகமும் பணிமனையும் உள்ளனவா என்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும்.

இ20 பெட்ரோலும் பழைய கார்களும்

20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலே இப்போது பெரும்பாலான நிலையங்களில் கிடைக்கிறது. அதற்கேற்ற பாகங்களுடன் கார்கள் வரத் தொடங்கியது 2023 ஏப்ரல் முதல். எத்தனால் இன்றி ஓட வடிவமைக்கப்பட்டு, 10 சதவீதக் கலப்புக்குச் சீரமைக்கப்பட்ட நான்கு சக்கர வாகனங்களில் எரிபொருள் சிக்கனம் 6 முதல் 7 சதவீதம் வரை குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டு அறிக்கை மதிப்பிட்டது. சில பழைய வாகனங்களில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பின் சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்ற வேண்டிவரலாம், அச்செலவு பெரியதன்று என்று பெட்ரோலிய அமைச்சகம் 2025 ஆகஸ்டில் விளக்கம் அளித்தது.

வாங்குபவர் செய்ய வேண்டியது எளிது. எரிபொருள் குழாய்களில் வெடிப்போ கசிவோ உள்ளதா என்று பார்த்து, என்ஜின் அறையில் பெட்ரோல் வாடை அடிக்கிறதா என்று கவனிக்க வேண்டும். குழாய் மாற்றும் செலவை விலையில் கழித்துக்கொள்ளலாம்.

ஸ்கேனர் சொல்லும் உண்மை

புகையும் ஓசையும் சொல்லாததைக் கணினி சொல்லும். ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள ஓபிடி இணைப்பில் ஸ்கேனரைப் பொருத்தினால், பதிவான பிழைக் குறியீடுகளைப் படிக்கலாம். குறியீடு எதுவும் இல்லை என்பதால் மட்டும் நிம்மதி அடையக் கூடாது. காட்டுவதற்கு முந்தைய நாளில் அவற்றை அழித்திருக்கலாம். அவ்வாறு அழித்தால், காரின் சுயசோதனைகள் "நிறைவு பெறவில்லை" என்ற நிலையில் இருக்கும். பல சோதனைகள் நிறைவு பெறாமல் இருந்தால், குறியீடுகள் அண்மையில் அழிக்கப்பட்டுள்ளன அல்லது பேட்டரி கழற்றப்பட்டுள்ளது என்று கொள்ளலாம். சாவியைத் திருப்பியதும் என்ஜின் எச்சரிக்கை விளக்கு ஒருமுறை எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லையெனில் விளக்கே துண்டிக்கப்பட்டிருக்கலாம்.

விலை பேசி முடியும் தறுவாயில், நம்பிக்கையான மெக்கானிக்கிடம் ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளக்கச் சொல்வது நல்லது. சிலிண்டர்களுக்கு இடையே பெரிய வேறுபாடு இருக்கக் கூடாது. விற்பவர் இச்சோதனைக்கு மறுத்தால், அந்த மறுப்பையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம். மெக்கானிக்கை வாங்குபவரே தேர்ந்தெடுக்க வேண்டும். விற்பவர் அழைத்துவரும் மெக்கானிக்கின் சொல் விற்பவரின் சொல்லே ஆகும்.

ஆவணமும் என்ஜினின் பகுதியே

என்ஜினில் பொறிக்கப்பட்ட எண்ணும் சேசிஸ் எண்ணும் பதிவுச் சான்றிதழில் உள்ளவையுடன் ஒத்திருக்க வேண்டும். என்ஜின் மாற்றப்பட்டிருந்தால் அது முறைப்படி பதிவாகியிருக்க வேண்டும். இல்லையெனில் பெயர் மாற்றம் தடைபடும். பரிவாகன் தளத்தில் வாகன எண்ணை உள்ளிட்டு, எத்தனையாவது உரிமையாளர், வங்கிக் கடன் நிலுவை உள்ளதா, அபராதங்கள் கட்டப்பட்டுள்ளனவா என்பதைச் சரிபார்க்கலாம்.

டெல்லிக் காரைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டு செல்வோர், பதிவு அலுவலகத்தில் படிவம் 28 மூலம் தடையில்லாச் சான்று பெற வேண்டும். வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் புதிய பதிவெண் பெறுவது கட்டாயம். தமிழ்நாட்டில் செலுத்த வேண்டிய சாலை வரியை முன்பே கேட்டறிந்து விலையுடன் கூட்டிப் பார்க்காமல், "லாபம்" என்று முடிவு செய்யக் கூடாது.

விற்பவருக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. பணம் பெற்றுச் சாவியைக் கொடுத்துவிட்டாலும், பதிவேட்டில் பெயர் மாறாதவரை சட்டத்தின் பார்வையில் பழைய உரிமையாளரே உரிமையாளர்; விபத்து நேர்ந்தால் இழப்பீட்டுப் பொறுப்பு அவரையே சாரும் என்று உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தீர்ப்பளித்துள்ளது. பணியிட மாற்றத்தின் அவசரத்தில் காரை இடைத்தரகரிடம் விட்டுச் செல்வோர் இதை மறக்கக் கூடாது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி, பழைய கார் விற்பனையாளர்கள் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரம் பெற வேண்டும். காரை அவர்களிடம் ஒப்படைத்ததை உரிமையாளர் இணையவழியில் தெரிவிக்க வேண்டும். அங்கீகாரச் சான்றைக் கேட்பது விற்பவர், வாங்குபவர் இருவருக்கும் உள்ள உரிமை. காப்பீட்டைத் தன் பெயருக்கு மாற்ற, வாங்குபவர் 14 நாள்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். விற்பனையாளரிடம் வாங்கிய காரில் ஏமாற்றப்பட்டதாக உணர்ந்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் அளிக்கலாம். தனிநபரிடம் வாங்கும்போது அத்தகைய பாதுகாப்பை எதிர்பார்ப்பதற்கில்லை என்பதால், அங்கே சோதனையே ஒரே காப்பு.

எங்கே விலை பேசலாம், எங்கே விலக வேண்டும்?

பேட்டரி, டயர், பெல்ட், ரப்பர் குழாய், ஸ்பார்க் பிளக், என்ஜின் மவுண்ட் ஆகியவை தேய்வது இயல்பு. இவற்றின் செலவை எழுதிக் கணக்கிட்டு விலையில் கழிக்கலாம். டைமிங் செயின், டர்போ, இன்ஜெக்டர், டிபிஎஃப் ஆகியவை பெருஞ்செலவு வைப்பவை. பணிமனையில் எழுத்துவழி மதிப்பீடு பெற்ற பிறகே பேச வேண்டும். ஆயிலில் கூலண்ட் கலப்பு, தொடர்ந்து வரும் நீலப் புகை, அடியிலிருந்து எழும் கனமான தட்டொலி, நீரில் மூழ்கிய அடையாளம், பொருந்தாத என்ஜின் எண் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் எந்த விலைக்கும் அந்தக் கார் மலிவானதன்று.

கார் வாங்க ஒதுக்கிய தொகை முழுவதையும் விலையாகக் கொடுத்துவிடாமல், பத்தில் ஒரு பங்கையேனும் முதல் ஆறு மாதச் செலவுக்கு வைத்துக்கொள்வது அறிவுடைமை. வாங்கிய வாரத்திலேயே ஆயில், ஆயில் வடிகட்டி, காற்று வடிகட்டி, கூலண்ட் ஆகியவற்றை மாற்றி, தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்க வேண்டும். அடுத்து அந்தக் காரை வாங்குபவர் முதலில் கேட்கப்போவதும் அந்தக் குறிப்பேட்டையே.